கிப்ரோனோவின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகள்

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். வெளியே துணி துவைக்கும் கல்லின் மேல் அவருடைய போன் கிடந்தது. அதிலிருந்து வெள்ளை வயர் ஒன்று இரண்டாகப் பிரிந்து தொங்கியது. கேட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே குளிக்கப் போயிருக்கிறார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் வீட்டுக்காரரின் பொருள் எதையும் நான் துழாவியதில்லை. அன்று துழாவினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வயரின் ஒரு முனையை எடுத்து என் காதில் செருகினேன்.

ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

என்ன மொழி என்று பிடிபடவே சற்று நேரமானது. ஆங்கிலம்தான். ஆனால் நான் அறிந்த ஆங்கிலம் இல்லை. வார்த்தைகளை இழுத்து, மூக்கால் பாதி, தொண்டையால் பாதி பாடினாள். பின்னால் ஏதோ கம்பி வாத்தியம், தகரக் கூரையில் மழை விழுவது போலப் படபடவென்று ஓடியது. பாட்டு முடிவதற்குள் ஓர் ஆண் குரல் குறுக்கே சிரித்தது. “ஆர்த்தர், இது உனக்கு” என்றது, ஆங்கிலத்தில்.

என் வீட்டுக்காரர் பெயர் அர்த்தநாரி. யார் இந்த ஆர்த்தர்? யார் இந்தப் பெண்? கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தவர்

“பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே டீச்சர், வீட்டைப் பற்றி எழுத மாட்டீர்களா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரக் கட்டுரை. என் வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது. ஆனா என்னை நல்லவன்னு எழுதிப்போடாத” என்றார்.

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர் போனது. ராஜஸ்தான், ஒடிசா என்று போய்க்கொண்டிருந்த ரிக்குகள் பிறகு கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயின. ரிக்கை இயக்குபவருக்கு டிரில்லர் என்று பெயர். என் வீட்டுக்காரர் டிரில்லர். கென்யாவுக்குப் போனார். நான்கு வருடத்தில் ஒரு தடவைதான் ஊருக்கு வந்தார். பையன் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஒரு எருமையையும் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒற்றைப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். இன்னும் ஒரு வருட வேலை பாக்கியிருந்தது.

“என்னங்க இது, திடீர்னு?”

“போதும்னு தோணுச்சு, வந்துட்டேன்.”

அவ்வளவுதான். போவதற்கு முன் அவர் டீக்கடையில் உட்கார்ந்தால் பத்துப் பேர் கூடுவார்கள். அப்படிப் பேசுகிறவர். திரும்பி வந்த ஆள் வேறு. எருமைக்குத் தண்ணி காட்டுவார், தென்னைக்கு மடை திருப்புவார், காதில் வயரை மாட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்ல அம்மிணி.”

எட்டு மாதம் இப்படிப் போனது. பக்கத்துத் தோட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தங்கமணி அக்கா மட்டும் வாய்விட்டுக் கேட்டார்.

“ஏன் சரசு, தப்பா நெனச்சுக்காத. அங்க எதாச்சும் ஒரு இது... வெச்சுருந்துருப்பாரோ?”

“அதெல்லாம் இல்லக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி என்னோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால்தான் அன்று கல்லின் மேல் கிடந்த போனைத் தொட்டேன். காதுக்குள் ஒரு பெண் குரல் கேட்டதும் நான் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டதும் அதனால்தான்.

“எவ?”

துண்டோடு வெளியே வந்தவர், வயர் என் காதில் இருப்பதைப் பார்த்தார்.

“யாருங்க இவ?”

“எவ?”

“காதுக்குள்ள பாடறாளே, இவதான்.”

தலை துவட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. தோள் குலுங்கச் சிரித்தார்.

“பாட்டுக்காரி அம்மிணி. அமெரிக்காக்காரி. பேரு கூடத் தெரியாது.”

“ஆர்த்தருன்னு ஒருத்தன் சொல்றானே?”

“ஆர்த்தருங்கறது நாந்தான். அவனுக்கு அர்த்தநாரின்னு வாயில வரல.”

“அவன்னா எவன்?”

“கிப்ரோனோ. ரிக்குக்குப் பைப்பு, டீசல் எல்லாம் கொண்டாற சப்போர்ட் வண்டி ஓட்டுனவன்.”

கிப்ரோனோ என்று சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நான் அதை அப்போது கவனித்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பெண் விவகாரம் இல்லை என்ற நிம்மதியே எனக்குப் பெரிதாக இருந்தது.

“இந்தப் பொம்பள எதுக்குங்க இப்படி உருகறா? என்ன சொல்றா பாட்டுல?”

“எனக்கெங்க தெரியும்? மூணு வருசமாக் கேக்கறேன், மெட்டு மட்டுந்தான் தெரியும். நீதான இங்கிலீசு டீச்சரு. நீ கேட்டுச் சொல்லு.”

ஆளுக்கு ஒரு காது

அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் மாட்டுக் கொட்டகைக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். வயரின் ஒரு முனை அவர் காதில், ஒரு முனை என் காதில்.

அந்தப் பாட்டுகள் வந்த கதையை அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர்கள் வேலை செய்தது கென்யாவின் மேட்டு நிலம். மாடு வைத்திருக்கும் குடியானவர்கள் ஊர். அங்கே அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டுகள் மேல் அப்படி ஒரு பிரியமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவைத் திறந்தால் அதுதான். சர்ச்சுக்குப் போய் வந்ததும் டீயை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கேட்பார்கள். கிப்ரோனோ தன் லாரி ரேடியோவுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பிடித்தமான பாட்டுகளைப் பதிவு செய்வான். அதை ஒரு மெமரி கார்டில் போட்டு ஆர்த்தருக்குக் கொடுப்பான். அதனால் பாட்டோடு கூட மழைச் சத்தம் வரும், ஆடு கத்தும், கிப்ரோனோ தும்முவான். “கேள், கேள், இப்போது அந்த வயலின் வரும்” என்று அவசரமாகச் சொல்வான். வயலின் வந்ததும் “பார்த்தாயா?” என்பான்.

கிப்ரோனோ என்றால் ஆடுகள் பட்டிக்குத் திரும்பும் அந்தி நேரத்தில் பிறந்தவன் என்று அர்த்தமாம். “நம்மூர்ல இப்படி ஒரு பேரு வெக்கத் தோணுல பாரு” என்றார்.

நான் இருபது வருடமாக ஆங்கிலம் கற்பித்தவள். ஆனால் ஆங்கிலம் பேசி வாழ்கிற மனிதர்களை நான் அதுவரை கேட்டதே இல்லை என்பது அந்தப் பலகையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஒரு வரிக்கு மூன்று தடவை நிறுத்தச் சொல்வேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘இல்லை’ போட்டுப் பாடுவார்கள். என் வகுப்பில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். இங்கே அந்த இரண்டாவது ‘இல்லை’யில்தான் பாடுகிறவனின் வயிற்றெரிச்சல் முழுக்க இருந்தது.

அன்று குளியலறை வாசலில் கேட்ட பெண்ணின் பாட்டுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க இரண்டு நாளானது. ஆற்று வெள்ளத்தில் வீடு போய்விட்டது. ஊர்க்காரர்கள் எல்லாம் மேட்டுக்குக் கிளம்புகிறார்கள். அவள் மட்டும் வாசல் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு சேற்றில் நிற்கிறாள். சொன்னதும் அவர் வயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

“இத்தன வேகமா ஓடுதே அம்மிணி. நான் கண்ணாலப் பாட்டுன்னு நெனச்சேன்.”

“நானுந்தான்.”

“அழுவறதுக்கு நேரமில்லாதவ பாட்டு போலிருக்குது.”

புல்லுக்கும் ஒரு பாட்டு

இந்தப் படபடக்கும் வாத்தியத்துக்குப் பேஞ்சோ என்று பெயர். எனக்கு அதில் ஒரு குழப்பம். சின்ன வயதில் நாமக்கல்லில் என் மாமா ஒருவர், டைப்ரைட்டர் போலக் கட்டைகளை அமுக்கி வாசிக்கும் ஒரு பெட்டி வைத்திருந்தார். அதைத்தான் நாங்கள் பேஞ்சோ என்போம். திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிப்பார். இந்த அமெரிக்கப் பேஞ்சோவை நெட்டில் தேடிப் பார்த்தால், கஞ்சிராவுக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. வட்டத் தோல், நீளக் கழுத்து, ஐந்து கம்பி.

தேடத் தேட வகைகள் பிரிந்தன. பேஞ்சோ, மாண்டலின், வயலின் எல்லாம் மேளமே இல்லாமல் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடினால் அது புளூகிராஸ். நீலப்புல் என்று அர்த்தம். “புல்லு பேருல பாட்டா?” என்று கேட்டுவிட்டு, எருமைக்குப் போட்ட சோளத்தட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். டிரம்ஸும் மின்சார கிட்டாரும் சேர்ந்து, நெடுஞ்சாலையில் வண்டி போகிற வேகத்தில் வந்தால் கன்ட்ரி ராக். இன்னதென்று பிரிக்க முடியாத மிச்சத்தையெல்லாம் அமெரிக்கானா என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

அவருக்குப் பிடித்தது கன்ட்ரி ராக். அதிலும் ஸ்டீல் கிட்டார் வருகிற பாட்டு. கம்பியின் மேல் ஓர் இரும்பை வைத்து வழுக்கிக்கொண்டே போவார்கள். வீணைக் கமகம் மாதிரி ஒரு குழைவு. எனக்குப் பிடித்தது புளூகிராஸ். இரண்டு ஆண்கள் சேர்ந்து உச்சத்தில் பாடும்போது எவன் குரல் எது என்று தெரியாமல் போய்விடுமே, அந்த இடம். இதற்காக எங்களுக்குள் சண்டை கூட வந்தது. அவர் போனில் பாட்டு மாற்றிக்கொள்ள, நான் என் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். சண்டை போட்டோம் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிடித்ததை நான்கு பேருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆசிரியர் அறையில் போட்டுக் காட்டினேன். “வயித்துவலிக்காரன் பாடற மாதிரி இருக்குதுங்க டீச்சர்” என்றார் கணக்கு வாத்தியார். தங்கமணி அக்காதான் பெரிய மனசு காட்டினார். கோழிகள் திடீர்ச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க, பண்ணையில் எப்போதும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு நாள் எங்கள் புளூகிராஸைப் போட்டார். பேஞ்சோ ஆரம்பித்ததும் கூண்டுக்குக் கூண்டு அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

“முட்ட கொறஞ்சுதுன்னா உங்கூட்டுக்காரரத்தான் கேப்பேன்” என்றார் அக்கா.

முட்டை குறையவில்லை. ஸ்டீல் கிட்டார் பாட்டு ஒன்று அக்காவுக்கே பிடித்துப்போனது. “இது சாந்தமா இருக்குது சரசு. இத எனக்கு அனுப்பிரு” என்று வாங்கிக்கொண்டார்.

இப்படி மூன்று மாதம். என் கல்யாணம் புதிதாக நடந்தது போல இருந்தது.

முதுகு சொன்னது

ஒரு நாள் காலை பஸ் வரவில்லை. அவர் வண்டியில் என்னைப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். நான் பின்னால் உட்கார்ந்து, விளையாட்டாகத்தான் கேட்டேன்.

“அந்தக் கிப்ரோனோவுக்கு ஒரு போன் பண்ணலாமில்லீங்க? பாட்டுக்கெல்லாம் அர்த்தம் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா சந்தோசப்படுவாரு.”

வண்டியின் வேகம் குறைந்தது. நின்றுவிடுமோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. மெதுவாகப் போய்க்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“அவன் வேலை என்னாலதான் போச்சு.”

போர் போடும்போது மேல் மண் இளகலாக இருந்தால், குழிக்குள் குழாய் இறக்கிவிட்டுத்தான் மேற்கொண்டு துளைக்க வேண்டும். அதற்குக் கேசிங் என்று பெயர். இல்லையென்றால் மண் சரிந்து, உள்ளே இருக்கும் இரும்பையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

“கேசிங் பைப்பு ஏத்திட்டு வரட்டுமான்னு அவன் கேட்டான். நாந்தான் வேண்டாம்ன்னேன். மண்ணு கெட்டியாத்தான் இருக்குது, நீ போயி டீசல் கொண்டான்னு அனுப்பிச்சேன். மத்தியானம் மண்ணு உட்டுருச்சு. ஹேமரு, ராடு, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. ரெண்டு நாள் போராடியும் எடுக்க முடியல.”

எதிரே ஒரு லாரி வந்தது. வண்டியை ஓரமாக ஒதுக்கினார்.

“மொதலாளி அப்ப அங்கதான் இருந்தாரு. பைப்பு ஏன் கொண்டு வரலைன்னு அவனப் புடிச்சுக்கிட்டாரு. ஆர்த்தர் வேண்டாம்ன்னாருன்னு அவன் சொன்னான். மொதலாளி எம்பக்கம் திரும்பி, அப்படியாப்பான்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஞாபகமில்லீங்கன்னு சொன்னேன்.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக்குள் முதுகுத் தண்டு விறைத்திருந்ததைத்தான் பார்த்தேன்.

“அவன அப்பவே வேலைய உட்டு நிறுத்திட்டாரு. அவன் என்னையத் திட்டல அம்மிணி. சண்டைக்கு வரல. என்னையே பாத்தான். வண்டிச் சாவிய மேசை மேல வெச்சுட்டு நடந்து போயிட்டான். பஸ்ஸு புடிக்கறதுக்கு நெம்ப தூரம் நடக்கோணும்.”

“பின்னாடியே போயிருக்கலாமில்ல?”

“போயிருக்கலாம்.”

“அவரு குடுத்த பாட்டத்தான் தெனமும் கேக்கறீங்களா?”

பள்ளி வாசல் வந்தது. நான் இறங்கினேன்.

“சாயந்தரம் பஸ்ஸுலயே வந்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்று வகுப்பில் பிள்ளைகள் பாடம் வாசிக்க வாசிக்க, எனக்குக் காதிலேயே விழவில்லை. பெண் விவகாரமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கு வழி தெரியும். இதற்கு என்ன செய்வது? முன்பின் தெரியாத ஒருவர், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரேடியோ பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பஸ்ஸுக்காக நடந்து போய்க்கொண்டே இருந்தார் என் கண்ணுக்குள்.

லீவு லெட்டர்

ஒரு வாரம் அந்த வயர் ஆணியில் தொங்கியது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சாப்பாடு போட்டேன், அவர் சாப்பிட்டார். எருமை கூட எங்களை மாறி மாறிப் பார்த்தது.

எட்டாம் நாள் என் முன்னால் ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்தார்.

“மன்னிப்புக் கேக்கோணும். இங்கிலீசுல எழுதிக் குடு.”

எழுதினேன். எனக்குத் தெரிந்த மேலான ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஆழ்ந்த வருத்தம், தவிர்க்க இயலாத சூழ்நிலை, தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன், எல்லாம் இருந்தது. வாசித்துத் தமிழில் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “லீவு லெட்டராட்டம் இருக்குது அம்மிணி.”

கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அத்தனை மாதம் கேட்ட பாட்டுகளில் ஒருவன் கூட ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்ளவில்லை. குடித்தேன் என்றால் குடித்தேன். விட்டுவிட்டுப் போனேன் என்றால் போனேன். சின்னச் சின்ன வார்த்தை. பக்கத்தைக் கிழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன்.

எனக்கு ஞாபகம் இருந்தது. நான் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது.

ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னது. எருமைக்குத் தீனி போட்டுக்கொண்டே மனப்பாடம் செய்தார்.

கிப்ரோனோவுக்குப் போன் செய்வதற்கு முன் முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று அவரே கிளம்பினார். திருச்செங்கோட்டில் அந்த ஆளின் ஆபீசுக்குப் போய், நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தார்.

“என்னங்க சொன்னாரு?”

“அந்த ரிக்கையே வித்தாச்சு, இப்ப எதுக்குப்பா இதெல்லாம், உக்காரு, டீ குடின்னாரு.”

“குடிச்சீங்களா?”

“எறங்கல.”

மூன்று வரி

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தோம். இங்கே மதியம் என்றால் அங்கே இன்னும் காலைதான். நம்பர் போனிலேயே இருந்தது. அவர் அதை அழிக்கவேயில்லை. ஸ்பீக்கரில் போட்டார். நம் ஊர் மணிச் சத்தம் போலில்லாமல், நீளமாக இழுத்து இழுத்து அடித்தது.

“ஆர்த்தர்?”

எத்தனையோ தடவை பாட்டுக்குக் குறுக்கே கேட்ட குரல்தான். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

அவர் வாயைத் திறந்தார். மனப்பாடம் எங்கோ போய்விட்டது. நான் நோட்டை அவர் கண் முன் நீட்டினேன். நோட்டைத் தள்ளிவிட்டு, பாதி அந்த நாட்டுச் சுவாஹிலி மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் அவராகவே சொன்னார். மூன்று வரியும் முன்பின்னாக வந்தன. முதலாளியிடம் சொல்லிவிட்டதையும் சேர்த்துச் சொன்னார். கடைசியில் மறுபடியும், “எனக்கு ஞாபகம் இருந்தது, கிப்ரோனோ.”

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

“கேட்டுட்டானல்ல. அது போதும்” என்றார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்து போனது. ஒன்றுமில்லை. அவர் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். “மறுபடி ஒருக்கா அடிச்சுப் பாக்கலாமா?” என்று நான் கேட்டதற்கு, “வேண்டாம். இனி அவன் இஷ்டம்” என்றார்.

வந்த பதில்

மூன்றாவது ஞாயிறு ஒரு குரல் செய்தி வந்தது. நீளமானது. இரண்டு பேரும் மாட்டுக் கொட்டகைப் பலகையில் உட்கார்ந்து கேட்டோம். நான் வரிக்கு வரி அவருக்குத் தமிழில் சொன்னேன், அவருக்கே புரிந்த இடங்களிலும் கூட.

“ஆர்த்தர், அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், என் நண்பனுக்கு எதுவும் ஞாபகமில்லையாம் என்றேன். ஏன், எங்காவது விழுந்து தலையில் அடிபட்டுவிட்டதா என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, பயந்து போய்த்தான் கேட்டாள். அவள் கையால் நீ சாப்பிட்டிருக்கிறாயே. எனக்கு நான்கு மாதம் வேலை கிடைக்கவில்லை. பணம் கட்ட முடியாமல் என் பெரிய மகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். இப்போது பால் லாரி ஓட்டுகிறேன். பெரியவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாள். நீ போன் செய்த அன்று மனைவியிடம், அவனுக்கு ஞாபகம் இருந்ததாம் என்றேன். அவள் டீயை ஊற்றி என் முன்னால் வைத்தாள். பிறகு, நல்லது என்றாள்.”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் முதுகில் கை வைத்தேன். செய்தி இன்னும் முடியவில்லை.

“உன் மனைவி டீச்சர் என்று சொல்வாயே, பக்கத்தில் இருக்கிறாரா? டீச்சர், வணக்கம். நான் எத்தனையோ பாட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து எனக்கு ஒன்று கூட வந்ததில்லை. ஒரு பாட்டு அனுப்புங்கள். பட்டணத்துப் பாட்டு வேண்டாம். மாடு மேய்க்கிறவர்கள் பாடுகிற பாட்டு.”

மன்னித்துவிட்டேன் என்று கிப்ரோனோ சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கும்மி

என்ன அனுப்புவது என்று இரண்டு நாள் யோசித்தோம். பிறகு அவர் எழுந்து நேராகத் தங்கமணி அக்காவிடம் போனார். அக்கா எங்கள் ஊர் வள்ளிகும்மிக் குழுவில் முன்வரிசை. முருகன் வள்ளியைக் கட்டிய கதையைப் பாடிக்கொண்டே ஐம்பது, அறுபது பெண்கள் சுற்றி வந்து கும்மியடிப்பது. இப்போது எங்கள் பக்கம் அது இல்லாத விசேஷமே இல்லை.

“ஆப்பிரிக்காவுக்கா?” என்றார் அக்கா. “அப்ப தைரியமாப் பாடலாம். தப்பாப் பாடுனா அவியளுக்குத் தெரியவா போவுது?”

சாயங்காலம் கோயில் மைதானத்தில் ஒத்திகை. இவர் வட்டத்துக்கு நடுவே போய் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கை வலித்தால் இன்னொரு கைக்கு மாற்றினார். இதுவரை கும்மியில் சேராத நானும் அன்று வட்டத்தில் நுழைந்தேன். ஓரடி பின்தங்கியே ஆடினேன். அத்தனை கைகளும் ஒன்றாகத் தட்டும்போது மண் எழும்பி மூக்கில் ஏறியது.

அதை அனுப்பினோம்.

அடுத்த ஞாயிறு மதியம் சோறு போட்டு, ரசத்தை ஊற்றும்போது போன் அடித்தது. கிப்ரோனோதான். ஸ்பீக்கரில் போட்டார்.

“இது நல்லாயிருக்கிறது, ஆர்த்தர். என் மனைவி இரண்டு தடவை கேட்டாள். கை தட்டுகிற இடத்தில் சின்னவளும் தட்டுகிறாள். ஆனால் என்ன சொல்கிறார்கள்? எனக்கு ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. நீ சொல்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கரண்டியோடு நின்றேன். டீச்சர் சொல்வாள் என்று போனை என்னிடம் நீட்டப் போகிறார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“ஒரு பொண்ணு இருக்கா” என்று ஆரம்பித்தார், தன் ஆங்கிலத்தில். “தினைக் காட்டுக்குக் காவல். உங்க ஊர் மாதிரிதான், மேட்டு நிலம். ஒரு நாள் ஒரு கிழவன் வாரான். ஆனா அவன் கிழவன் இல்ல...”

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி கேட்டிருக்க வேண்டும். “இரு, இரு, சொல்றேன்” என்று சிரித்தார். தென்னைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பேசினார். வார்த்தை கிடைக்காத இடத்தில் சுவாஹிலி, அதுவும் கிடைக்காத இடத்தில் தமிழ். யானை வருகிற கட்டம் வந்ததும், போனில் பேசுகிறோம் என்பதே மறந்து, ஒரு கையைத் துதிக்கை போலத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

நான் அவர் தட்டை மூடி வைத்தேன்.